முதல் ஊசி யாருக்கு?

ஒரு ஊரில் ஆயிரம் பேர். பக்கத்து ஊர் வரைக்கும் ஒரு புதுக் காய்ச்சல் வந்துவிட்டது. தடுப்பூசி உண்டு. ஆனால் இந்த மாதத்துக்கு வந்து சேர்ந்தது நூறு பேருக்கு மட்டும். அந்த நூறு பேர் யார்?

அக்கா மகனிடம் கேட்டேன். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறான். விடியற்காலை வியாபாரம் ஓய்ந்ததும் டீ குடிக்க வெளியே வருவான், அப்போதுதான் ஆள் பேசக் கிடைப்பான். “இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு, வயசானவங்களுக்குத்தான்” என்றான் சட்டென்று.

தப்பில்லை. 2021ல் கொரோனா ஊசிக்கு இந்தியா போனதும் இந்த வழியில்தான். ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களோடு தொடங்கி, மார்ச்சில் 60 வயதைத் தாண்டியவர்கள், 45ஐத் தாண்டிய இணைநோய்க்காரர்கள், ஏப்ரலில் 45க்கு மேற்பட்ட எல்லாரும் என்று வரிசை வைத்தார்கள். யார் செத்துப்போக வாய்ப்பு அதிகமோ அவரை முதலில் காப்பாற்று என்பது இதன் கணக்கு. இதே கேள்விக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாட்டியை விட்டுவிட்டு, பாட்டி வரைக்கும் காய்ச்சலைச் சுமந்துகொண்டு வருகிற ஆளுக்குப் போடு. வழியை அடைத்துவிட்டால் பாட்டிக்கு வராது.

“நடக்குற காரியமா மாமா?”

ஜப்பான் ஒரு நாடாகவே செய்து பார்த்தது. 1962ல் தொடங்கி அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போட்டார்கள். 1977ல் கட்டாயமாக்கினார்கள். 1987ல் பெற்றோர் வேண்டாமென்றால் விலகலாம் என்று தளர்த்தி, 1994ல் திட்டத்தையே கைவிட்டார்கள். பேரன் பேத்திகளுக்குப் போட்ட ஊசியால் தாத்தா பாட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்று பிற்பாடு புள்ளிவிவரத்தைப் புரட்டியவர்கள், 2001ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள்: ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் வரை தவிர்ந்திருக்கும், ஊசி நின்ற பிறகு குளிர்கால மரணங்கள் மறுபடி ஏறின. இந்தக் கணக்கோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும், பரப்புகிறவரைப் பார்த்துப் போடலாம் என்ற யோசனைக்கு அதன்பிறகு ஒரு மரியாதை வந்தது.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் கண்டுபிடிப்பது சுலபம், மணியடித்தால் வரிசையில் நிற்பார்கள். பெரியவர்களில் பரப்புகிறவர் யார் என்று எப்படித் தெரியும்?

முதலில் ஒரு விஷயம். எல்லாரும் ஒரே அளவு பரப்புவதில்லை. இதற்கு உலக அளவில் பெரிய சான்றுகளில் ஒன்று நம் பக்கத்தில் திரட்டியதுதான். 2020ல் ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்தால், வீட்டில் யார் யார், கூடப் பயணம் போனது யார், கடையில் பக்கத்தில் நின்றது யார் என்று சுகாதார ஆய்வாளர்கள் நோட்டும் பேனாவுமாக எழுதிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அப்படி எழுதிய பதிவுகளை ரமணன் லக்ஷ்மிநாராயணன் குழுவினர் ஆராய்ந்து அந்த ஆண்டே ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அன்றைய சுகாதாரச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அதை எழுதியவர்களில் ஒருவர். 84,965 நோயாளிகள். அவர்களோடு பழகி, பரிசோதனைக்கும் உள்ளானவர்கள் 5,75,071 பேர்.

என்ன தெரிந்தது? தேடிப் பார்த்த அளவில், நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரிடமிருந்து ஒருவருக்கும் ஒட்டவில்லை. மறுபக்கம், நூற்றுக்கு ஐந்து பேரை ஒட்டிய ஒரு சின்னக் கூட்டம்தான் அப்படிக் கண்டறிந்த தொற்றுகளில் 80 சதவீதத்துக்கு மூலம். இன்னொன்றும் பதிவானது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் நோயாளியோடு நெருங்கி உட்கார்ந்து போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்குத் தொற்று. இந்தப் பிரிவில் ஆட்கள் நூறுகூட இல்லை, எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் மாட்டுத்தாவணியில் ராத்திரி ஆம்னி பஸ் ஏறி, ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு சென்னை போய் இறங்குகிறவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

“அப்ப அந்த அஞ்சு பேருக்குப் போட்டா சோலி முடிஞ்சது” என்றான்.

அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே நெற்றியில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஒருவர் அதிகம் பரப்புவதற்குப் பல காரணங்கள் சேர வேண்டும். அவர் தொண்டையில் கிருமி எவ்வளவு ஊறியிருக்கிறது, தொற்று அதிகம் பரவும் அந்த ஓரிரு நாளில் அவர் எங்கே இருந்தார், காற்றோட்டம் இல்லாத மண்டபத்திலா, வெட்டவெளியிலா. இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். முன்னாடியே ஓரளவு தெரிந்துகொள்ளக் கூடியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் ஒரு நாளில் எத்தனை பேரை, எந்தெந்தப் பக்கத்து ஆட்களைச் சந்திக்கிறார் என்பது. தடுப்பூசித் திட்டத்துக்குச் சமூகத் தொடர்பு வலையைப் பயன்படுத்துவது என்று ஆராய்ச்சியாளர்கள் பேசுவது இதைத்தான்.

வலை என்பதை மார்க்கெட்டில் இருக்கிறவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் கடைசியில் சென்னை கோயம்பேட்டில் தொற்று கிளம்பி, மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்த தொழிலாளிகள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊர் திரும்பியிருந்தார்கள். அதுவரை அமைதியாக இருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது. மதுரைக்கு அடுத்த மாதம் முறை வந்தது. ஜூனில் பரவை காய்கறி மார்க்கெட்டில் தொற்று தெரிந்து சந்தை மூடப்பட்டது. ஜூன் 24 முதல் மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் என எல்லா இடத்திலும் முழு ஊரடங்கு. அரசாணையில் ஒரு பேரூராட்சியின் பெயர் தனியாக வந்ததற்குக் காரணம் வேறென்ன?

“எங்க கடையில மொதலாளியைவிட லோடுமேன்தான் மாமா நெறைய பேரைப் பார்ப்பாரு” என்று அவன் ஆரம்பித்தான். நிலக்கோட்டை வேன் வந்தால் மூட்டை இறக்குவது, உசிலம்பட்டிக்காரர் மூட்டையை எடை போட்ட இடத்திலிருந்து எடுப்பது, பிறகு சில்லறைக்காரர் பைக் வரைக்கும், பஸ் டிக்கி வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுபோவது. எதிரில் வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே சந்துக்குள் ஓடுகிறவருக்கு மாஸ்க் மூக்குக்குக் கீழேதான் நிற்கும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களும் தெரிந்த முகங்களாக இருக்கும். ஆயிரம் பேரில் நூறு பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் லோடுமேன் அதில் விழ பத்தில் ஒரு வாய்ப்புதான். குலுக்கலுக்கு முதலாளியும் லோடுமேனும் ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்றல்ல.

2001ல் ரொமுவால்டோ பாஸ்டர்-சட்டோராஸ், அலெஸாண்ட்ரோ வெஸ்பிக்னானி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். பெரும்பாலானோருக்குக் கொஞ்சம் தொடர்பு, மிகச் சிலருக்கு மட்டும் ஏராளமான தொடர்பு என்று அமைந்த வலையில், எவ்வளவு மந்தமான தொற்றாக இருந்தாலும் தானாக அணைந்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தச் சிலர் அதை உயிரோடு வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் போட்டு முடிக்கிறவரை பலன் கிடைக்காது. ஆள் பார்த்துப் போட்டால் சிறு பங்கே போதும். கணிதம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஊர் முழுக்க யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்ற வரைபடம் யாரிடம் இருக்கிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. வரைபடமே வேண்டாம்.

இந்த டீக்கடையையே வைத்துக் கணக்குப் போடுவோம் என்றேன். டீ மாஸ்டர் ஒருவர், வாடிக்கைக்காரர் பத்துப் பேர். பத்துப் பேரும் மாஸ்டரோடு பழக்கம். அதுபோக ஒவ்வொருவரும் தன் கூட டீ குடிக்க வருகிற ஒரே ஒரு ஆளோடு பழக்கம். ஆக ஐந்து ஜோடி. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பழக்கம், மாஸ்டருக்குப் பத்து. ஒரே ஒரு ஊசிதான் இருக்கிறது, சீட்டுக் குலுக்கினால் மாஸ்டர் பேர் வர பதினொன்றில் ஒரு வாய்ப்பு. இப்போது சின்ன மாற்றம். சீட்டில் யார் பேர் வருகிறதோ அவருக்குப் போடாதே. “உனக்குப் பழக்கமான ஒரு ஆளைச் சொல்லு” என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்கிற ஆளுக்குப் போடு. வாடிக்கைக்காரர் எவர் பேர் வந்தாலும், பாதிக்குப் பாதி அவர் மாஸ்டரைச் சொல்லுவார். வாய்ப்பு பதினொன்றில் ஐந்தாக ஏறிவிட்டது. மாஸ்டர் முக்கியமான ஆள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் தேடவில்லை.

அவன் பேப்பர் கப்பின் அடியில் பேனாவால் போட்டுப் பார்த்தான். “ஆமா மாமா” என்று தலையாட்டினான். கணக்கு எழுதுகிறவன் அல்லவா, நம்புவதற்கு முன் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டான்.

நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட நண்பர்கள் அதிகம் என்பதை 1991ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் எழுதினார். கேட்டால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், கணக்கு அப்படித்தான். நிறையப் பேரோடு பழகுகிறவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பார், அவ்வளவுதான் விஷயம். 2003ல் ரியூவென் கோஹன், ஷ்லோமோ ஹாவ்லின், டேனியல் பென்-அவ்ரஹாம் மூவரும் இதைத் தடுப்பூசிக்குத் திருப்பினார்கள். எவரையாவது எடு, அவர் சொல்லும் ஒருவருக்கு ஊசி போடு. ஆறு வருஷம் கழித்து ஹார்வர்டு மாணவர்களிடம் இதன் இன்னொரு முகத்தை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் சோதித்தார்கள். அது 2009ல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1 பரவிய சமயம். குலுக்கலில் வந்த மாணவர்கள் ஒரு பக்கம், அவர்கள் நண்பர்கள் என்று பேர் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். மொத்தம் 744 பேர். நண்பர்கள் கூட்டத்துக்குக் காய்ச்சல் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக வந்துவிட்டது. ஊசி போடுவதற்கு மட்டுமல்ல, நோய் வருகிறதா என்று முன்கூட்டிக் காவல் பார்க்கவும் இதே கேள்வி உதவும்.

“இதுக்குப் போயி ஏன் மாமா ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு? பேஸ்புக்ல பார்த்தா தெரிஞ்சிடாதா, யாருக்கு எத்தனை பிரெண்டுன்னு?”

எல்லாரும் கேட்கிற கேள்வி. அவன் போனில் பூ வியாபாரிகள் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதில் துபாயில் இருக்கிறவர்கூட உறுப்பினர். அவர் தும்மினால் மாட்டுத்தாவணியில் யாருக்கும் ஒட்டாது. லோடுமேனோ அந்தக் குழுவிலேயே இல்லை. மூச்சுக்காற்று போகிற வலை வேறு, செய்தி போகிற வலை வேறு. இணையத்தில் யாருக்கு எத்தனை நண்பர் என்பது முதல் வலையைப் பற்றிச் சொல்வது குறைவு. வயது, வர்க்கம், ஆண் பெண் என்ற சல்லடையில் சலித்த பிறகு வருகிற படம் அது. போனுக்குள் இருக்கும் புளூடூத் கொஞ்சம் தேவலை, பக்கத்தில் நின்ற போனையாவது அறியும். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேது அப்படித்தான் வேலை செய்தது. ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாதவர் அதற்கும் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

உண்மையான நெருக்கத்தை அளந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் மார்செல் சலாத்தே குழுவினர் 788 பேர் கழுத்தில் சின்னக் கருவியை மாட்டிவிட்டு ஒரே ஒரு நாள் பதிவு செய்தார்கள். நெருங்கி நின்ற தருணங்கள் 7,62,868. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவு பழகுகிறார்கள். அதனால் மேலோட்டமான தந்திரங்களுக்கு அங்கே பெரிய வேலை இல்லை, உண்மையான தொடர்புப் பதிவு இருந்தால்தான் குலுக்கலைவிடக் கணிசமாக முன்னேற முடியும் என்று தெரிந்தது. 2010ல் வந்த முடிவு இது. டீ மாஸ்டர் மாதிரி ஒருவர் இருக்கிற இடத்தில்தான் டீக்கடைக் கணக்கு ஜெயிக்கும்.

கருவியெல்லாம் பின்னால் வந்தவை. பெரியம்மைக் காலத்தில் நோட்டுப் புத்தகமே போதுமாக இருந்தது. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபெகி என்ற அமெரிக்க மருத்துவருக்கு இதே நெருக்கடி வந்தது. பெரியம்மை கிளம்பிவிட்டது, மருந்து எல்லாருக்கும் காணாது. மிஷனரிகளின் ரேடியோவில் ஒவ்வொரு ஊராகக் கேட்டு எங்கெங்கே நோய் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தார். அங்கெல்லாம் சுற்றிவளைத்துப் போட்டார். அடுத்து எங்கே போகும் என்பதை எதை வைத்து ஊகித்தார் தெரியுமா? அந்த ஊர்க்காரர்கள் எந்தச் சந்தைக்குப் போவார்கள், எந்த ஊரில் சொந்தபந்தம் இருக்கிறது என்பதை வைத்து. மிச்சமிருந்த மருந்து அந்த இடங்களுக்குப் போனது. இந்த வளையமிட்ட தடுப்பூசி முறைதான் பிறகு இந்தியாவிலும் 1975ல் பெரியம்மையை முடித்தது.

சென்னையிலும் இதே காலத்தில் ஒருவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ். பெரியம்மை வந்த 254 குடும்பங்களில் வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று 1968ல் வெளியிட்டார். ஊசி போடாத உறவினர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஒட்டியிருந்தது, போட்டவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். பெரியம்மை மின்னல் வேகத்தில் ஊரைத் தின்றுவிடும் என்று எல்லாரும் நடுங்கிய காலத்தில், அது பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள், நெருங்கிப் படுத்துறங்குகிறவர்களுக்குள்தான் சுற்றுகிறது என்று காட்டியது பெரிய விஷயம். எங்கே வளையம் போட வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பரப்புகிறவருக்குப் போடு என்ற கணக்கு நிற்பது, ஊசி பரவலையும் தடுக்கும் என்ற அனுமானத்தின்மேல். பெரியம்மை ஊசி தடுத்தது. தட்டம்மை ஊசி தடுக்கிறது. கொரோனா ஊசி சாவைத் தடுத்த அளவுக்குப் பரவலைத் தடுக்கவில்லை, புதுப்புது உருமாற்றம் வர வர அதுவும் தேய்ந்தது. 2021 ஜனவரியில் இந்தோனேசியா எதிர்த் திசையில் போய், மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்து 18 முதல் 59 வயதுள்ள உழைக்கும் வயதினரை முன்னால் நிறுத்தியது. அவர்களிடம் இருந்த சீன மருந்தை முதியவர்களிடம் போதுமான அளவு சோதித்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். கொரோனாவைப் பொறுத்தவரை அக்கா மகன் சட்டென்று சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. அடுத்து வருகிற நோய்க்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

தமிழ்நாடு இரண்டையும் கொஞ்சம் கலந்து செய்தது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தொடங்கியபோது, ஆட்டோ, டாக்ஸி ஓட்டுபவர்கள், பஸ் டிரைவர் கண்டக்டர்கள், பால், பேப்பர் போடுகிறவர்கள், தெருவோர வியாபாரிகள், மருந்துக் கடைப் பணியாளர்கள் என்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டார்கள். யாரும் அதைச் சமூகத் தொடர்பு வலை என்று அழைக்கவில்லை. ஆனால் அதுதான். தொழிலைப் பார்த்தாலே ஒருவர் ஒரு நாளில் எத்தனை முகம் பார்க்கிறார் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. போலியோ சொட்டு மருந்தை பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வைத்துப் போடுகிற பழக்கமும் இதே புத்தியிலிருந்து வந்ததுதான்.

“அதெல்லாம் சரி மாமா. எங்க லோடுமேன்கிட்ட போயி வாங்கண்ணே ஊசி போட்டுக்கன்னு சொன்னா வருவாருன்னு நெனைக்கிறீங்களா?”

இது இன்னொரு வலை. நோயைப் பரப்புகிறவரும் நம்பிக்கையைப் பரப்புகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் நால்வரும் இதைக் கர்நாடக, ஹரியானா கிராமங்களில் சோதித்தார்கள். ஊரில் சிலரிடம் போய், “இந்த ஊரில் ஒரு சங்கதியை யாரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்?” என்று மட்டும் கேட்டார்கள். கர்நாடகத்தில் ஒரு போன் குலுக்கல் பற்றிய செய்தியைப் பரப்பிப் பார்த்தார்கள். குலுக்கலில் எடுத்த ஆட்களிடம் சொன்ன ஊர்களிலிருந்து சராசரியாக எட்டு அழைப்பு வந்தது. ஊர் காட்டிய வாயாடிகளிடம் சொன்ன ஊர்களிலிருந்து பன்னிரண்டுக்குப் பக்கம் வந்தது. ஹரியானாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாம் தேதியை அப்படிப்பட்டவர்கள் வழியாகச் சொன்ன கிராமங்களில் முகாமுக்கு வந்த குழந்தைகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடினார்கள். படிப்பு, பதவி, வயது எதையும் வைத்து இந்த வாயாடிகளை வெளியிலிருந்து கண்டுபிடித்துவிட முடியாது. ஊர்தான் காட்ட வேண்டும். கூலி கொடுத்து ஒரு வருஷம் கணக்கெடுத்து வரைகிற வலைப்படத்தை, ஊர்க்காரர் தலையிலேயே ஓரளவு வைத்திருக்கிறார்.

நம் தென்மாவட்டத்திலேயே வலைப்படத்தைப் பொறுமையாக வரைந்தவரும் உண்டு. எலினர் பவர் என்ற மானுடவியலாளர் தென் தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் தங்கி, கடன் கேட்க யாரிடம் போவீர்கள், யோசனை கேட்க யாரிடம், அவசர உதவிக்கு யாரிடம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதினார். கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள், ஊர் பார்க்க நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் ஆகியோரிடம் உதவி கேட்டு வருகிற கை அதிகம் என்று 2017ல் வெளியிட்டார். காவடி எடுத்தவர், தீ மிதித்தவர் சொன்னால் ஊர் கேட்கும் என்று நம் நர்சம்மாக்கள் எப்போதோ கண்டுகொண்டதுதான். கிராம சுகாதாரச் செவிலியர் எந்த வீட்டு மாமியாரை முதலில் சரிக்கட்டினால் அந்தத் தெருவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதைப் பதிவேட்டில் எழுதுவதில்லை, அவருக்குத் தெரியும்.

ஆக இரண்டு பட்டியல் வேண்டும். ஊசி முதலில் போக வேண்டியவர் பட்டியல் ஒன்று, ஊசிக்காகப் பேச வேண்டியவர் பட்டியல் ஒன்று. இரண்டாவதை ஊரைக் கேட்டு எழுதிவிடலாம். முதலாவதை ஊரைக் கேட்டால் ஒரு சிக்கல் வரும், அதை நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவ்வளவாகப் பார்த்ததில்லை. “யாரோடு பழகுவீர்கள்” என்று நம் ஊரில் கேட்டால் சொந்தக்காரர் பேர் வரும், தன் தெருக்காரர் பேர் வரும், தன் சாதிக்காரர் பேர் வரும், கொஞ்சம் பெருமைக்காகத் தலைவர் பேரும் வரும். நாள் தவறாமல் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற துணி தேய்க்கிறவர், குப்பை எடுக்கிறவர், கியாஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் பேர் வராது. காய்ச்சல் சாதி பார்த்து நிற்காது, தெரு விட்டுத் தெரு கடக்கிறவரோடு தானும் கடக்கும். சலாத்தேயும் ஜேம்ஸ் ஜோன்ஸும் 2010ல் இதையே கணினியில் காட்டினார்கள். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வாழும் சமூகத்தில், தொடர்பு அதிகமுள்ளவரைவிட, கூட்டங்களுக்கு நடுவே போய்வருகிறவருக்குப் போட்டால் பலன் கூடுதல். நம் கிராமங்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும் என்பேன். யார் நண்பர் என்று கேட்கக் கூடாது. “நேத்து உங்க வாசப்படி ஏறினது யாரு?” “வாரா வாரம் வெளியிலிருந்து உங்க தெருவுக்கு வர்றது யாரு?” இப்படிக் கேட்டால் மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் உடனே வந்துவிடுவார். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர், ஒவ்வொன்றிலும் ஒரு திண்ணையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நோட்டைக் கைமாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை மணி நேரம். உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் இவர் கடக்காத சாதித் தெரு இருக்காது.

பேர் எழுதுவதில் இன்னொரு ஆபத்து, எழுதிய பேர் எங்கே போகும் என்பது. 2020ல் வீட்டு வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரும் அடைத்த தகரமும் என்ன செய்தன என்று பார்த்தோம். நோய் போன பிறகும் பேச்சு போகவில்லை. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அப்படி நோட்டீஸ் ஒட்டுவதற்குத் தடை போட வேண்டியிருந்தது. ‘அதிகம் பரப்பக் கூடியவர்கள்’ என்று ஒரு அரசுக் கணினியில் பட்டியல் கிடந்தால், நாளைக்கு அது ஏதாவது ஒரு சந்தையின் பேரில், ஏதாவது ஒரு சமூகத்தின் பேரில் வெளியே வரும். டீக்கடைத் தந்திரத்தின் அழகு இங்கேயும் கை கொடுக்கிறது. பொங்கல் பரிசுக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி, குலுக்கலில் வந்தவர் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து, உங்கள் வாசலுக்கு அடிக்கடி வருகிற ஒருவரிடம் கொடுங்கள் என்றால் போதும். யார் யாரிடம் கொடுத்தார் என்று அரசு எழுதிவைக்க வேண்டாம். டோக்கனோடு வந்தவருக்கு ஊசி. இது என் சொந்த யோசனை, ஓட்டைகள் இருக்கும். டோக்கனை விற்றுவிடுவார்களே என்று இப்போதே உங்கள் மனதில் ஓடியிருக்கும்.

அக்கா மகன் மனதில் அது ஓடவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பியவன், “டோக்கன் கெடக்கட்டும் மாமா, முகாமை எத்தனை மணிக்குப் போடுவீங்க?” என்று கேட்டான். வழக்கம்போல் காலை ஒன்பதிலிருந்து நாலு என்றேன்.

“லோடுமேன் அப்ப தூங்கிக்கிட்டு இருப்பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு மொத வேன் வரும், நாலு மணிக்கு ஒரு இடைவெளி கெடைக்கும், அப்ப எல்லாரும் இங்கதான் நிப்போம். நர்சம்மாவை அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்க.”